மலைநாட்டு ஏற்றத்துக்குச் சொகுசு ஜீப்: டேர்போ எஞ்சினா, டேர்போ இல்லாததா?

தலவாக்கலை_டவுன் கேட்டது:

அண்ணன்மாருக்கு வணக்கம். பாவித்த சொகுசு ஜீப் ஒன்று எடுக்கிற யோசனை. எந்த எஞ்சின் என்பதில்தான் முடிவுக்கு வர முடியவில்லை.

ஓட்டம் இப்படி: கிழமைக்கு ஒரு தடவை ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்பு. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை நுவரெலியா, வெலிமடை தாண்டிப் பதுளை. மிச்ச நாளெல்லாம் பாடசாலை, கடை, தோட்டத்து ரோட்டு என்று ஆறேழு கிலோமீற்றர் ஓட்டம். ஐந்து பேர், சாமானும் சேரும்.

பார்த்து வைத்திருப்பது: 2017க்குப் பிந்திய ஹரியர் 2.0 (டேர்போ இல்லாதது), அதே ஹரியர் டேர்போ, லெக்சஸ் ஆர்எக்ஸ் 200டி, இல்லாவிட்டால் பழைய ஆர்எக்ஸ் 350. பிராடோவில் 2.7 பெற்றோலா 2.8 டீசலா என்பதும் ஓடுது.

உயரத்தில் டேர்போ இல்லாத எஞ்சினின் இழுவை உண்மையிலேயே எவ்வளவு குறையும்? தொடர்ந்து ஏற்றம் ஏறினால் டேர்போ சீக்கிரம் போகும் என்று சொல்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை? 92 ஒக்டேன் பெற்றோல் போதுமா, 95தான் அடிக்க வேணுமா? வாங்கப் போகும்போது எதைப் பார்க்க வேணும்? விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

ரம்பொடை_வளைவு எழுதியது:

முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும் தம்பி. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபஸ்கால். கண்டியில் 95, ஹட்டனில் 87, நுவரெலியாவில் 81. டேர்போ இல்லாத எஞ்சின் வெளியில் இருக்கிற அழுத்தத்துக்கு மேல் காற்றை இழுக்காது. கொழும்பில் 100 பங்கு காற்று போன சிலிண்டருக்குள் நுவரெலியாவில் 80 பங்கு சொச்சம்தான் போகும். காற்று குறைந்தால் கம்பியூட்டர் பெற்றோலையும் குறைத்துத்தான் தெளிக்கும். மலையில் குளிர் என்பதால் காற்று கொஞ்சம் அடர்த்தி, அது இரண்டு மூன்று வீதத்தைத் திருப்பித் தரும். ஆக மொத்த இழப்பு 16 முதல் 19 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்க. எவ்வளவு சேர்விஸ் செய்தாலும் இந்த இழப்பு போகாது.

இனி உங்க ஹரியரையே எடுப்போம். இந்த ஒப்பீட்டுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரே உடம்பு, ஒரே 2.0 லீற்றர். டேர்போ இல்லாதது 151 குதிரைவலு, 193 நியூட்டன் மீற்றர் இழுவை. அந்த 193உம் எஞ்சின் நிமிடத்துக்கு 3,800 சுற்று சுற்றும்போதுதான் வரும். டேர்போ 231 குதிரைவலு, 350 நியூட்டன் மீற்றர், 1,650 சுற்றிலிருந்து 4,000 வரைக்கும். நுவரெலியா உயரத்தில் முதலாவதன் 193 ஏறத்தாழ 158 ஆகிவிடும். டேர்போவோ, எஞ்சினின் புகை வாயுவால் சுழன்று, மெல்லிய காற்றையும் அழுத்தி, தனக்கு வேண்டிய அழுத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் உள்ளே அனுப்பும். அதனால் அதன் 350 பெரிதாகக் குறையாது.

ஆனால் இங்கே பலரும் தவறவிடுகிற ஒன்று இருக்கு. ஒரே வேகத்தில் ஏற்றம் ஏற பெரிய பலம் தேவையே இல்லை. ஆட்களோடு 2,050 கிலோ வாகனம், 7 வீத ஏற்றம், மணிக்கு 40 கிலோமீற்றர்: கணக்குப் போட்டால் சுமார் 30 குதிரைவலுவில் முடிகிறது. எந்த எஞ்சினும் தாங்கும். பிரச்சினை, முன்னால் தேயிலை லொறி 25இல் ஊர்ந்து போகும்போதுதான். லபுக்கலைப் பக்கம் கொஞ்ச தூரம் நேராகக் கிடைக்கும், அதற்குள் 25இலிருந்து 60க்கு 6 செக்கனில் போக வேணும். அப்போது கிட்டத்தட்ட 95 – 100 குதிரைவலுவை எஞ்சின் கொடுக்க வேண்டியிருக்கும். டேர்போ ஹரியர் அந்த 100ஐ 2,000 சுற்றுக்குக் கொஞ்சம் மேலேயே கொடுத்துவிடும். டேர்போ இல்லாதது அந்த உயரத்தில் 4,500 சுற்றைத் தாண்டினால்தான் அதைக் கொடுக்கும். அதில் இருப்பது சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாத கியர்பொக்ஸ். மிதித்ததும் எஞ்சின் கத்தும், வாகனம் பிறகுதான் நகரும். டேர்போவில் சிவிடி இல்லை, 6 கியர் ஓட்டோமெட்டிக். மலை ஓட்டத்துக்கு அந்த வித்தியாசம் எஞ்சின் வித்தியாசத்துக்குக் குறைந்தது இல்லை என்பது என் முடிவு.

பிராடோவுக்கும் இதே கணக்கு. 2.7 பெற்றோல் 163 குதிரைவலு, 246 நியூட்டன் மீற்றர். நுவரெலியாவில் அது 200 ஆகும், வாகனமோ 2 தொன்னுக்கு மேல். 2.8 டீசல் டேர்போ 450 தரும், 2020 திருத்தத்துக்குப் பிறகு 500. ஐந்து பேரோடு மலையில் 2.7 எடுக்க நான் சொல்லவே மாட்டேன்.

பெற்றோல் விஷயம். உயரத்தில் டேர்போ இல்லாத எஞ்சினுக்கு ஒக்டேன் (பெற்றோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) தேவை குறையும், ஏனென்றால் சிலிண்டருக்குள் அழுத்தமே குறைவு. 92 தாராளம். டேர்போவுக்கு இந்தச் சலுகை இல்லை. அது அழுத்தத்தைத் திருப்பி ஏற்றிவிடுவதால் நுவரெலியாவிலும் அதற்குக் கொழும்பில் கேட்கிற ஒக்டேன்தான் தேவை. ஹரியர் டேர்போவுக்கு ஜப்பானிலேயே உயர் ஒக்டேன்தான் சொல்லியிருக்கு. 92 அடித்தால் எஞ்சின் உடனே உடையாது. பெற்றோல் தானாக வெடிக்கிற தட்டலைப் பிடிக்கிற உணரி பற்றவைப்பு நேரத்தைப் பின்தள்ளும், இழுவை விழும், புகைப்போக்கிப் பக்கம் சூடு கூடும். அந்தச் சூட்டில் நேராக நிற்பது டேர்போவின் சக்கரம். 95 அடியுங்க.

கராஜ்_வெலிமடை எழுதியது:

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஏற்றம் டேர்போவைக் கொல்லாது. ஒயில்தான் கொல்லும்.

எப்படி என்றால், ஒரு எஞ்சின் உள்ளே 180 கிலோபஸ்கால் அழுத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. கொழும்பில் டேர்போ வெளிக்காற்றை 1.8 மடங்கு அழுத்தினால் போதும். நுவரெலியாவில் 2.2 மடங்கு அழுத்த வேணும். அதற்காக அது இன்னும் வேகமாகச் சுற்றும். அழுத்திய காற்று, அதைக் குளிர்விக்கிற இண்டர்கூலருக்குப் போகும் முன்னால் கொழும்பில் 108 பாகை அளவில் இருந்தால், இங்கே வெளியே குளிராக இருந்தும் 120ஐத் தாண்டும். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டும்தான். ஒயில் கருகித் தடித்தால் முதலில் அடைபடுவது டேர்போவுக்குப் போகிற சின்ன ஒயில் குழாய். விரல் தடிப்புக்கூட இல்லாத குழாய் அது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கரி, உரித்தால் தகடு தகடாக வரும். புது டேர்போ போட்டுவிட்டுப் பழைய குழாயையே திருப்பிப் பூட்டுவதால்தான் பல புது டேர்போக்கள் சில மாதத்திலேயே போகின்றன. டேர்போ மாற்றினால் இந்த நாலையும் சேர்த்துச் செய்ய வேணும்: ஒயில் போகிற குழாய் புதிது, திரும்பி வருகிற குழாய் கழுவியோ புதிதோ, வொஷர்கள் புதிது, இண்டர்கூலருக்குள் தேங்கின ஒயிலைக் கழுவி வெளியேற்றுவது. முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும் முன் டேர்போவின் ஒயில் துவாரத்தில் கையால் ஒயில் விட்டு, சக்கரத்தை விரலால் சுற்றிவிட வேணும்.

ஒயில் மாற்றும் தூரம். டொயோட்டா ஜப்பானில் பெற்றோல் டேர்போவுக்குச் சொல்வது 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம். கடின ஓட்டம் என்றால் 2,500 அல்லது 3 மாதம். டேர்போ இல்லாததுக்கு 15,000 அல்லது 12 மாதம், கடின ஓட்டத்தில் அதில் பாதி. கடின ஓட்டம் என்று அவர்கள் எழுதியிருக்கிற பட்டியலில் ஏற்ற இறக்க ரோட்டும் இருக்கு, குறுந்தூர ஓட்டமும் இருக்கு. தம்பியின் ஓட்டத்தில் இரண்டுமே வருது. நான் டேர்போவுக்கு 4,000, டேர்போ இல்லாததுக்கு 7,000 என்று வைப்பேன். இரண்டிலும் 6 மாதம் தாண்டக் கூடாது.

ஒயில் தரம் பார்க்கும்போது போத்தலில் ஏபிஐ எஸ்பி என்று இருக்க வேணும். அது 2020இல் வந்த தரம். பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கிற டேர்போ எஞ்சினில் குறைந்த சுற்றில் முழு மிதி மிதித்தால் பற்றவைப்புக்கு முன்பே கலவை தானாக வெடிக்கும் பிரச்சினை இருக்கு. பிஸ்டன் வளையத்துக்கு நடுவில் இருக்கிற மெல்லிய பகுதி உடைந்துபோவது அதனால்தான். இந்தத் தரத்துப் புது ஒயில் அதைக் குறைக்கும். மிச்சம் சாரதியின் காலில் இருக்கு: ஏற்றத்தில் 1,300 – 1,500 சுற்றில் பெரிய கியரில் வைத்து ஆழமாக மிதிக்காதீங்க. கியர்ப் பிடியை எஸ் நிலைக்கு மாற்றி ஒரு கியர் இறக்குங்க. 2,200க்கு மேல் சுற்றட்டும். பெற்றோல் மிச்சமாகும் என்று எஞ்சினை முனக வைப்பது வீண்.

மேலே வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம், கடைசி வரை மிதித்து வந்திருந்தால் இரண்டு நிமிடம், சும்மா ஓடவிட்டு அணையுங்க. கடைசி இரண்டு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி வந்தால் அதுவும் தேவையில்லை. சிக்னலில் தானாக அணைக்கிற வசதி இருந்தால் ஏற்றம் தொடங்கும்போதே அதை நிறுத்தி வையுங்க.

தண்ணீர்ப் பக்கம். 8ஏஆர் எஞ்சினில், அதாவது ஹரியர் டேர்போவிலும் ஆர்எக்ஸ் 200டியிலும், இண்டர்கூலர் தண்ணீரால் குளிர்கிறது. அதற்குத் தனிச் சுற்று, தனிப் பம்ப். எஞ்சின் கூலண்ட் தாங்கியை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் விடுகிற கராஜ் நிறைய இருக்கு. இது குறைந்தால் சூட்டு முள் ஏறாது, இழுவை மட்டும் மெல்ல மெல்ல விழும். பிறகு டேர்போ போய்விட்டது என்று சொல்லி விலை சொல்வார்கள்.

ரேடியேட்டர் மூடியையும் அலட்சியம் பண்ணக் கூடாது. நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். நல்ல மூடி 108 கிலோபஸ்கால் அழுத்தம் பிடித்தால் கொதிநிலை 118 வரை போகும். மூடியின் ரப்பர் தளர்ந்தால் அந்தக் காப்பு இல்லை. எஞ்சின் ஆறின பிறகு மூடியைக் கழற்றி ரப்பரை நகத்தால் அழுத்துங்க. பள்ளம் அப்படியே நின்றால் மாற்றுங்க. இது டேர்போ, டேர்போ இல்லாதது எல்லாவற்றுக்கும் பொது. குழாய்த் தண்ணீர் ஊற்றாதீங்க.

மூடுபனி எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பலத்தில் டேர்போ முன்னே, அதில் வாதமில்லை. ஆனால் தம்பியின் ஓட்டத்தைத் திரும்பப் படியுங்க: கிழமைக்கு ஆறு நாள் ஆறேழு கிலோமீற்றர். தலவாக்கலைக் குளிரில், காலை ஏழு மணிக்கு.

நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கிற டேர்போ எஞ்சின் குளிரில் கூடுதலாகத் தெளிக்கும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலில் இறங்கும். நீண்ட ஓட்டத்தில் ஒயில் சூடாகி அது ஆவியாகிப் போகும். ஆறு கிலோமீற்றரில் ஒயில் சூடாவதே இல்லை. டிப்ஸ்டிக்கை எடுத்து முகருங்க, பெற்றோல் வாசம் தூக்கலாக இருந்தால், ஒயில் மட்டம் குறையாமல் ஏறியிருந்தால் அதுதான் நடக்குது. கிழமைக்கு ஒரு கொழும்புப் பயணம் இருப்பதால் தம்பிக்கு ஓரளவு தப்பும். அந்தப் பயணம் நின்றுபோனால் ஒயிலை 3,000க்கே மாற்ற வேண்டிவரும்.

டீசல் பிராடோவில் இந்தக் குறுந்தூர ஓட்டம் இன்னும் மோசம். புகையிலுள்ள கரியைப் பிடிக்கிற வடிகட்டி, சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்ய 600 பாகை அளவு சூடு வேணும், 15 – 20 நிமிடம் தொடர்ந்த ஓட்டமும் வேணும். பாடசாலைக்குப் போய் வருகிற ஓட்டத்தில் அது பாதியிலேயே நிற்கும். நின்று நின்று வடிகட்டி அடைபடும். சூப்பர் டீசல் அடிப்பது, சாம்பல் குறைந்த ஒயில் போடுவது, கிழமைக்கு ஒரு தடவை ஒரே மூச்சில் அரை மணி நேரம் 2,000 சுற்றுக்கு மேல் ஓட்டுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் பிழைக்கும். ஜப்பான் சந்தைக்கு வந்த 2.8 டீசலில் யூரியாத் திரவத் தாங்கியும் இருக்கு. அது வற்றினால் அணைத்த பிறகு மீண்டும் ஸ்டார்ட் ஆகாது.

இறக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எஞ்சினால் பிடித்து இறங்கும்போது எஞ்சினின் கொள்ளளவுதான் கணக்கு. 3.5 லீற்றர் ஆறு சிலிண்டர் பிடிக்கிற பிடியை 2.0 லீற்றர் பிடிக்காது. லபுக்கலையிலிருந்து ரம்பொடை வரை, அல்லது நானுஓயாவிலிருந்து ராதெல்ல குறுக்கு ரோட்டில் இறங்கும்போது 2.0 டேர்போவை டி நிலையில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். இரண்டாம் மூன்றாம் கியரில் 3,500 – 4,000 சுற்று ஓடட்டும், சத்தத்துக்குப் பயப்படத் தேவையில்லை, மிதியிலிருந்து காலை எடுத்ததும் பெற்றோல் போவதே நின்றுவிடும். பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்க. டொட் 4 ரகப் பிரேக் ஒயில் புதிதில் 230 பாகையில் கொதிக்கும், ஈரம் குடித்த பிறகு 155. நம்ம ஊர் ஈரத்துக்கு இரண்டு வருடமே அதிகம்.

இன்னொன்று, ஈரத்தில் கால் கட்டுப்பாடு. மழையில் கொண்டை ஊசி வளைவின் நடுவில் மிதியைக் கொஞ்சம் கூட்டினால் டேர்போவில் முதலில் ஒன்றும் வராது, பிறகு மொத்தமாக வரும். டேர்போ இல்லாத பெரிய எஞ்சினில் காலுக்கு எவ்வளவோ அவ்வளவு. பழைய ஆர்எக்ஸ் 350இன் 3.5 எஞ்சின் 280 குதிரைவலு, 348 நியூட்டன் மீற்றர். நுவரெலியாவில் 285 ஆகக் குறைந்தாலும் போதுமான இழுவை, காத்திருக்கவும் வைக்காது, ஒயில் பற்றியும் இவ்வளவு கவலை இல்லை. பெற்றோல் குடிக்கும், அதை மறைக்கவில்லை. வரியும் சிசி கணக்கில் என்பதால் புதிதாக இறக்குமதி செய்கிறவர்களுக்கு 3.5 எட்டாது. நாட்டுக்குள் ஏற்கெனவே பதிவான வாகனம் எடுக்கும்போது மட்டும்தான் இந்த யோசனை.

2.0 லீற்றர் டேர்போ இல்லாத ஹரியரைப் பற்றிக் கேட்டால், அதை நானும் சொல்லமாட்டேன்.

ரம்பொடை_வளைவு எழுதியது:

மூடுபனி சொன்ன இறக்கக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். வளைவு நடுவில் மொத்தமாக வரும் என்பது மட்டும் பழைய ஒற்றைக் குழாய் டேர்போவுக்குச் சரி. 8ஏஆர் இரட்டைக் குழாய் அமைப்பு, 1,650இலேயே முழு இழுவை. ஆனால் வளைவுக்குள் 1,200 சுற்றில் நுழைந்தால் அதுவும் வெறும் 2.0 லீற்றர் எஞ்சின்தான், உயரத்தில் அதுவும் 80 வீதம். அதனால்தான் வளைவுக்கு முன்னாலேயே கியரை இறக்கிக்கொண்டு நுழைய வேணும்.

ஹைபிரிட்டையும் யோசிக்கலாம் தம்பி. ஆர்எக்ஸ் 450எச், ஹரியர் 2.5 ஹைபிரிட் இரண்டிலும் டேர்போ இல்லாத எஞ்சின்தான், ஆனால் மோட்டாரின் இழுவை உயரத்தால் குறையாது. குறுந்தூர ஓட்டத்துக்கு இவைதான் சிக்கனம். நீண்ட ஏற்றத்தில் பற்றரி வற்றினால் பாரம் எஞ்சின் மேல் வரும். இறக்கத்தில் பாதி வழியிலேயே பற்றரி நிரம்பிவிடும், பிறகு பிரேக் மிதியில் வித்தியாசம் தெரியும், அப்போது கியரைக் குறைத்து எஞ்சினால் பிடிக்க வேணும். பற்றரிக்குக் காற்றிழுக்கிற துவாரம் பின் இருக்கைப் பக்கம் இருக்கும். அதைச் சாமானால் மூடாதீங்க.

தலவாக்கலை_டவுன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி அண்ணே. ஹரியர் டேர்போ, ஆர்எக்ஸ் 350 இரண்டுக்குள் சுருக்கிக்கொண்டேன். இரண்டும் ஒரே கிழமையில் நுவரெலியாவில் பார்க்கக் கிடைக்குது. சின்ன ஸ்கேனர் ஒன்று போனோடு இணைக்கிறது கையில் இருக்கு. என்ன பார்க்க வேணும், எந்த வரிசையில்?

ஸ்கேனர்_பதுளை எழுதியது:

வரிசையாகச் சொல்கிறேன். முதலில், விற்பவரிடம் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்க. பொனட்டில் கை வைத்தால் குளிர்ந்திருக்க வேணும். சூடாக இருந்தால் அன்றைக்குப் பார்க்காதீங்க.

சாவியைத் திறந்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், உள்ளிழுக்கும் குழாயின் அழுத்த அளவைப் பாருங்க. நுவரெலியாவில் 80, 81 காட்ட வேணும். 95, 100 என்று காட்டினால் உணரி பிழை, அதை வைத்துக் கம்பியூட்டர் போடும் கணக்கும் பிழை. இந்த ஒரு இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்க, பிறகு தேவைப்படும்.

ஸ்டார்ட் பண்ணுங்க. முதல் இரண்டு மூன்று செக்கன் பின்னால் ஒருவர் நின்று புகையைப் பார்க்கட்டும். குளிரில் வெள்ளை ஆவி வரும், அது தண்ணீர், மறைந்துவிடும். நீலம் கலந்து நின்று மணந்தால் ஒயில். முன்பக்கத்தில் சங்கிலிச் சத்தம் ஒரு செக்கனுக்கு மேல் நீடித்தால் குறித்துக்கொள்ளுங்க.

டேர்போவில், காற்று வடிகட்டிப் பெட்டியிலிருந்து டேர்போவுக்குப் போகிற குழாயைக் கழற்றச் சொல்லுங்க. (எஞ்சின் அணைத்த பிறகு.) டோர்ச் அடித்து சக்கரத்தின் இதழ்களைப் பாருங்க. விளிம்பு கூராக, ஒரே மாதிரி இருக்க வேணும். ஒரு இதழில் சின்னக் கடி இருந்தாலும் உள்ளே தூசியோ கல்லோ போயிருக்கு. விரலால் தண்டை மேலும் கீழும் அசைத்தால் மயிரிழை ஆட்டம் இருக்கும், அது ஒயில் படலத்துக்கான இடம், சரிதான். முன்னும் பின்னும் இழுத்தால் அசையவே கூடாது. குழாயின் உட்புறம் லேசான ஒயில் ஈரம் எல்லா டேர்போவிலும் இருக்கும். விரலில் வழிகிற அளவுக்குத் தேங்கியிருந்தால் வேண்டாம்.

பிறகு ஓட்டம். நானுஓயா வரை இறங்கி, திரும்பி நுவரெலியாவுக்கு ஏறுங்க. ஏறும்போது பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரைப் பார்க்கட்டும். நேர் ரோட்டில் மூன்றாம் கியரில் 2,000 சுற்றிலிருந்து 4,000 வரை முழு மிதி. ஆர்எக்ஸ் 350இல் ஸ்கேனர் குழாய் அழுத்தத்தைக் காட்டினால், அது முன்பு எழுதின 81க்கு ஒன்று இரண்டு குறைவாக வரும். 75க்குக் கீழே வந்தால் காற்று வடிகட்டி அடைப்பு. டேர்போவில் அது 81ஐத் தாண்டி வேகமாக ஏறி, ஒரு இடத்தில் நின்று, ஆடாமல் இருக்க வேணும். ஏறி விழுந்து ஏறி விழுந்து ஆடினால் டேர்போவின் அழுத்தத்தை மட்டுப்படுத்துகிற கழிவு வாயுக் கதவின் கட்டுப்பாடு தளர்ந்திருக்கு. மெதுவாகவே ஏறி, விசில் மாதிரி ஒரு சீறல் கேட்டால் ஹோஸில் வெடிப்பு. பி0299 என்ற குறியீடு அழுத்தம் பற்றாக்குறைக்கு உரியது. விற்பவர் அழித்திருக்கலாம், அதனால் கம்பியூட்டர் தானாகச் செய்கிற சோதனைகள் முடிந்திருக்கா என்பதையும் ஸ்கேனரில் பாருங்க. எல்லாம் முடிவடையாத நிலையில் இருந்தால் அண்மையில் அழித்திருக்கிறார்கள்.

எரிபொருள் திருத்த வீதம், அதாவது கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு, சும்மா ஓடும்போதும் 2,500 சுற்றிலும் கூட்டல் கழித்தல் 10 வீதத்துக்குள் இருக்க வேணும்.

ஏறி முடித்ததும் அணைக்காமல் ஐந்து நிமிடம் விடுங்க. பிறகு ஒரு தடவை 3,000 வரை மிதித்து விடுங்க. இந்த இடத்தில்தான் டேர்போ சீல் கசிவு நீலப் புகையாக வெளியே வரும். வெறும் தரையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது.

கியர்பொக்ஸ் ஒயில் எப்போது மாற்றியது என்று கேளுங்க. மாற்றவே தேவையில்லை என்று சொன்னால் நம்பாதீங்க. மலை ஓட்டத்துக்கு 40,000 – 60,000க்குள் மாற்ற வேணும், சூடு பார்த்து மட்டம் வைக்கிற வேலை அது, எல்லாரும் சரியாகச் செய்யமாட்டார்கள்.

ஒயில் மாற்றின பில்களைக் கேளுங்க. டேர்போ ஹரியருக்கு 10,000க்கு ஒரு தடவை மாற்றின பில்கள் கையில் இருந்தால், மேலே சொன்ன எல்லாம் சரியாக வந்தாலும் நான் ஆர்எக்ஸ் 350ஐத்தான் எடுப்பேன். 5,000க்குள் ஒழுங்காக இருந்தால் ஹரியர்.

கராஜ்_வெலிமடை எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். சில கராஜ் பாஸ்மார், உள்ளிழுக்கும் குழாயின் வெற்றிடத்தை முள்ளால் காட்டுகிற மீற்றரைப் போட்டு எஞ்சினைச் சோதிப்பார்கள். கொழும்பில் நல்ல எஞ்சின் சும்மா ஓடும்போது 19, 20 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் குறையும். நுவரெலியா 6,000 அடிக்கு மேல், ஆகவே அங்கே 13, 14 காட்டினால் அதுதான் சரியான அளவு. வால்வு கசியுது, எஞ்சின் இறக்க வேணும் என்று சொல்லி ஆர்எக்ஸை ஒதுக்கவோ விலை குறைக்கவோ பார்த்தால் இதைச் சொல்லுங்க. முள் நிலையாக நிற்கிறதா, துடிக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரே தாளத்தில் துடித்தால் அப்போது ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வுப் பிரச்சினை இருக்கு, அந்த வாகனத்தை விட்டுவிடுங்க.

தலவாக்கலை_டவுன் எழுதியது:

குறித்துக்கொண்டேன் அண்ணே. சனிக்கிழமை காலையில் டோர்ச்சும் ஸ்கேனருமாகப் போகிறேன். இரண்டு வாகனத்தின் இலக்கங்களையும் இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்க.